பயான் லெப்பாஸ் ஓடுபாதையைச் சுற்றி எதைக் கட்டலாம், யார் முடிவு செய்வது?

பினாங்கின் சுங்கை ஆராவில் வாடகைக்கு இருக்கும் நீங்கள், பக்கத்துப் பயான் லெப்பாஸில் எழும்பப்போகும் ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு முகவர் உங்களிடம் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் முன்னால் உயரமாக எதுவும் வராது, கடல் காட்சி நிரந்தரம். சத்தம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். எப்படியும் ஒரு நாள் விமான நிலையம் கூலிமுக்குப் போய்விடும். கூடவே, பக்கத்து மனையில் 30 மாடி கேட்டவருக்கு 14 மாடிதான் கிடைத்தது ஏன் என்றும், கட்டடத்தின் உயரத்தை இவ்வளவு கறாராகப் பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்தின் தலைக்கு மேல் விமானம் பறப்பதை ஏன் கண்டுகொள்வதில்லை என்றும் கேட்கிறீர்கள். நகர்த்திட்ட வேலையில் பல ஆண்டுகள் இருப்பவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவற்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

முதலில் கூலிம். அதை நம்பி வீடு வாங்காதீர்கள். கெடா மாநிலத்துக் கூலிமில் புதிய விமான நிலையம் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு 65 இலட்சம் பயணிகளுக்காகக் கட்டிய பயான் லெப்பாஸ் முனையத்தை 1 கோடியே 20 இலட்சம் பேருக்கு ஏற்றபடி விரிவாக்கும் வேலை நடக்கிறது. 2028-இல் முடிப்பது இலக்கு. 2019-லேயே 80 இலட்சம் பேருக்கு மேல் அந்த நெரிசலில் வந்துபோனார்கள். 1935 முதல் அங்கே இருக்கும் நிலையம் உங்கள் கடன் தவணை முடியும்வரை அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். இன்றைக்கு இருப்பதைவிட விமானங்கள் கூடும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 14 மாடி. அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு விமான நிலையங்களுக்கு வகுத்திருக்கும் விதிகளில், ஓடுபாதையைச் சுற்றி ஆகாயத்தில் சில கற்பனைப் பரப்புகள் உண்டு. அவற்றைத் துளைத்துக்கொண்டு கட்டடமோ கம்பமோ மேலே வரக்கூடாது. ஒரு பெரிய தாம்பாளத்தை ஓடுபாதைக்கு மேல் பிடித்ததுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். பயான் லெப்பாஸ் ஓடுபாதை 3,352 மீட்டர் நீளம், பெரிய ஜெட் விமானங்களுக்கானது. இந்த வகை ஓடுபாதைக்குத் தாம்பாளத்தின் அடிப்பகுதி 45 மீட்டர் உயரத்தில் தட்டையாக 4 கிலோமீட்டர்வரை போகும். அதற்கு அப்பால் விளிம்பு 20-க்கு 1 என்ற சரிவில் மேலேறும். இன்னும் 2 கிலோமீட்டரில் 145 மீட்டரைத் தொடும். ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் நேர் எதிரே கணக்கு வேறு. அங்கே விமானம் தாழ இறங்குவதால் பரப்பு தரையை ஒட்டித் தொடங்கி, முதல் 3 கிலோமீட்டருக்கு 50-க்கு 1 என்ற மெல்லிய சரிவில்தான் உயரும். இந்த அணுகுபரப்பு 15 கிலோமீட்டர்வரை நீள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாடிக்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் என்று வைத்தால் 45 மீட்டரில் 13, 14 மாடி அடங்கும். பக்கவாட்டில் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனைக்கு அதுதான் கிடைக்கும். உங்கள் பக்கத்து மனைக்கு நடந்தது அநேகமாக இதுவே. அதே 2 கிலோமீட்டர் ஓடுபாதை முனைக்கு நேர் எதிரே என்றால் 39 மீட்டருக்குள் எல்லாம் முடிய வேண்டும். எல்லாம் என்றால் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி இயந்திர அறை, இடிதாங்கி, கட்டும்போது நிற்கும் பாரந்தூக்கி வரைக்கும் சேர்த்து. மனையின் தரைமட்டத்தையும் மறக்கக்கூடாது, ஏனென்றால் உயரம் விமான நிலையத்தின் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. பயான் லெப்பாஸ் ஓடுபாதை கடல்மட்டத்துக்கு 3, 4 மீட்டர்தான் மேலே. மனை அந்த மட்டத்தைவிட 20 மீட்டர் மேட்டில் இருந்தால் அந்த 20-ஐ 45-இலிருந்து கழித்துவிடுவார்கள். மேட்டு நிலம் வாங்கிப் பெரிய திட்டம் போட்ட எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அப்படியானால் கடல் காட்சி நிரந்தரம்தானே என்பீர்கள். முழுக்க இல்லை. தாம்பாளத்தின் அடியையும் விளிம்பையும் பொறுத்தவரை, பறப்புக்குப் பாதிப்பில்லை என்று தனி ஆய்வில் நிறுவினால் தளர்வு தர விதியில் இடமுண்டு. ஏற்கெனவே ஒரு மலையின் மறைவில் நிற்கும் கட்டடத்துக்கும் அப்படியே. பயான் லெப்பாஸுக்கு மேற்கே மலைத்தொடர் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஓங்கி நிற்பதைப் பார்த்து இதெப்படி வந்தது என்று நாம் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காட்சிக்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் வீடு 9-ஆம் மாடியில் என்றால், முன்னால் 14 மாடி வந்தாலே காட்சி போய்விடும்.

இந்த உயர விஷயத்தில் நம் நாட்டில் ஒழுங்கு இருக்கிறது என்று மனதாரச் சொல்வேன். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போனால், அது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கருத்துக்கும் போகும். 2018-இல் பழைய பொது விமானப் போக்குவரத்துத் துறையின் இடத்தில் வந்த ஆணையம் அது. எண் இருக்கிறது, பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கிறது, மறுத்தால் மறுத்ததுதான். விமானத்தைக் கட்டடத்திடமிருந்து காப்பாற்ற இவ்வளவு செய்கிறோம். கட்டடத்தில் இருக்கும் மனிதர்களை விமானத்தின் சத்தத்திடமிருந்தும் விபத்திடமிருந்தும் காப்பாற்ற இதே கறார் இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்.

சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெசிபல் கூட்டல் கணக்கில் ஓடுவதில்லை. ஒரே மாதிரி விமானங்கள் இரட்டிப்பாக வந்தாலும் நாள் சராசரி 3 டெசிபல்தான் ஏறும். அறிக்கையில் 3 என்ற எண் அற்பமாகத் தெரியும். பால்கனியில் துணி காயப்போடுகிறவருக்கு, முன்பு 20 முறை கேட்டது இப்போது 40 முறை கேட்கிறது. அதனால் சராசரி மாறவில்லையே என்று யாராவது சொன்னால், ஒரு நாளைக்கு எத்தனை விமானம், இரவில் எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள். அமெரிக்காவில் பகல் இரவு சராசரி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இரவு 10 மணி முதல் காலை 7 மணிவரை பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 டெசிபல் கூட்டிக்கொள்வார்கள். அதாவது இரவில் போகும் ஒரு விமானம் பகலில் போகும் பத்து விமானங்களுக்குச் சமம். அந்தக் கணக்கில் 65 டெசிபலுக்கு மேல் வரும் நிலத்தில் வீடு பொருந்தாது என்று வழிகாட்டியில் குறித்திருக்கிறார்கள். பினாங்குக்கு இது முக்கியம். இங்கிருந்து போகும் மின்னணுச் சரக்கு விமானத்தில்தான் போகிறது, சரக்கு விமானங்களுக்கு இரவு நேரம்தான் பொதுவாகத் தோது.

நம் ஊரிலும் சுற்றுச்சூழல் துறை சத்த வரம்புகளுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால் வழிகாட்டி வேறு, மனை வாரியாக நிலப் பயன்பாட்டைக் கட்டிப்போடும் கோடு வேறு. கலிஃபோர்னியாவில் விமான நிலைய நிலப் பயன்பாட்டுக்கென்றே 1967-இலிருந்து மாவட்ட அளவில் ஆணையங்கள் இயங்குகின்றன. 2004 முதல் அங்கே வீடு விற்கும்போது, இந்த வீடு விமான நிலையத்தின் பாதிப்பு எல்லைக்குள் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் முகவர் அங்கே இருந்திருந்தால், சத்தம் பழகிவிடும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது.

பழகுமா? பெரியவர்களுக்கு ஓரளவு பழகலாம். பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. 1992-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பழைய விமான நிலையத்தை மூடிப் புதிய இடத்தில் திறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். புதிய நிலையத்துப் பக்கம் வாசிப்பும் நீண்டகால நினைவாற்றலும் சரிந்தன. பழைய இடத்தில் சத்தம் நின்றபின் மீண்டும் தேறின. ஓடுபாதைக்கு நேரே இருக்கும் வகுப்பறையில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, கையில் சுண்ணக்கட்டியோடு காத்திருப்பார். ஒலி தேய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். முன்வரிசைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பின்வரிசைப் பிள்ளை அதற்குள் சன்னலுக்கு வெளியே போயிருக்கும். நம் பள்ளிகளில் சன்னலைச் சாத்திக் குளிரூட்டி போடு என்பதும் எளிதில் நடக்கிற காரியம் இல்லை. சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி குளிர்நாட்டுக்கு நல்ல வழி. காற்றுக்காகச் சன்னலைத் திறந்து வைத்து வாழும் ஊருக்கு அது பாதி வழிதான். அதனால்தான் பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் மூன்றையும் ஆரம்பத்திலேயே தள்ளி வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது.

விபத்தைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும். 1977 செப்டம்பர் 27 அன்று கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எல்மினா ரப்பர் தோட்டத்தில் விழுந்தது. அதிலிருந்த 79 பேரில் 34 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்டு 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த சிறிய ஜெட் விமானமும் எல்மினாவில்தான் விழுந்தது. இப்போது அங்கே தோட்டம் இல்லை, நகர்ப்பகுதி. விமானத்திலிருந்த 8 பேரோடு, சாலையில் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரும் உயிரிழந்தார்கள். 46 ஆண்டுகளில் தரையில் இருந்தது மாறிவிட்டது. வானத்தில் இறங்குபாதை மாறவில்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்ததை நாம் எல்லோரும் படத்தில் பார்த்தோம். புறப்பட்ட சில நொடிகளில் விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்தது. தரையில் மட்டும் 19 பேரின் உயிர் போனது, சாப்பாட்டு நேரத்தில்.

விமானப் பயணம் ஆபத்தானது என்று நான் சொல்ல வரவில்லை. விபத்து மிக அரிது. அரிதாக நடப்பதும் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும், ஓடுபாதைக்கு நேர்க்கோட்டில் நடக்கிறது. எந்த நாளில் என்று தெரியாது, எந்த நிலத்தில் என்பது ஏறக்குறையத் தெரியும். தெரிந்த நிலத்தில் ஆட்களைக் குவிக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. பிரிட்டனில் ஓடுபாதை முனைகளில் பொதுப் பாதுகாப்பு வலயம் என்று வரைபடத்தில் குறித்து, அங்கே புதிதாக வீடு கட்ட அனுமதிப்பதில்லை. கிடங்கு, வாகன நிறுத்துமிடம், வயல்வெளி போன்றவை இருந்துவிட்டுப் போகலாம். ஆட்கள் அடர்த்தியாகக் கூடும் இடம் கூடாது.

பயான் லெப்பாஸைப் பார்த்தால் நமக்கு ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. 1972-இல் அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் தொழிற்பேட்டையை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். சத்தத்தைக் கருதி வைத்ததல்ல, சரக்கு ஏற்றும் வசதிக்காக. இருந்தாலும் விமான நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான அண்டை வீட்டுக்காரர் கிடைக்கமாட்டார். தொழிற்சாலைக்கு உயரம் தேவையில்லை. சுவர்கள் அடைத்த கட்டடம், உள்ளே குளிரூட்டி, வெளிச்சத்தம் வேலையைக் கெடுக்காது. இரவில் உறங்க யாருமில்லை. செய்த பொருளை அரைமணியில் விமானத்தில் ஏற்றலாம். நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அந்த ஷிப்ட் சம்பளத்தில்தான் தலையெடுத்தன. அதனால் தொழிற்பேட்டையின் பழைய கட்டடங்கள் காலியானதும் அவற்றை அடுக்குமாடியாக மாற்றலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், வீட்டு விலை குறையும் என்ற ஆசையில் நாம் கைதட்டக்கூடாது. ஒரு முறை குடியிருப்பாக மாறிய நிலம் திரும்பத் தொழிலுக்கு வராது.

கோலாலம்பூர்ப் பக்கம் இரண்டு விதமான பாடமும் இருக்கிறது. சிப்பாங்கில் 1998-இல் திறந்த புதிய நிலையத்துக்கு 10,000 ஹெக்டர், அதாவது 100 சதுர கிலோமீட்டர் ஒதுக்கினார்கள். பினாங்குத் தீவு முழுவதுமே ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். நிலம் கையில் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் கதை தனி. சுபாங் நேர்மாறு. 1965-இல் தோட்டங்களுக்கு நடுவே திறந்தது. பிறகு நகரம் அதைத் தேடி வந்து சூழ்ந்துகொண்டது. 1998-இல் ஜெட் விமானங்கள் சிப்பாங்குக்குப் போனதும் சுபாங்கில் அமைதி. அந்த அமைதியில் எத்தனையோ குடியிருப்புத் தாமான்கள் விற்றன. 2024 ஆகஸ்டில் பயணிகள் ஜெட் சேவை மறுபடி சுபாங்குக்கு வந்தது. ஓடுபாதை மூடப்படவே இல்லை என்பதை வாங்கியவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள். குடியிருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அனுமதி கொடுத்த வரைபடத்தில், எதுவரை எவ்வளவு சத்தம் என்று காட்டும் சத்தக் கோடு இருந்திருக்க வேண்டும்.

பறவை, வெளிச்சம், புகை பற்றியும் ஒரு வார்த்தை. இவை சிறியதாகத் தெரிந்தாலும் விமானிக்குப் பெரியவை. திறந்த குப்பைமேடு, மீன் கழிவு கொட்டும் இடம், தேங்கிய குளம் எல்லாம் பறவையைக் கூட்டும். குப்பைமேடு 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும் என்பது அனைத்துலக வழிகாட்டல். பட்டம், லேசர் விளக்கு, ட்ரோன், வானத்தில் விடும் காகித விளக்கு எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

யார் முடிவு செய்வது என்பதுதான் உங்கள் எரிச்சல். மாநகர் மன்றத்தைக் கேட்டால் விமான நிலையத்தைக் கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் ஆணையத்தைக் கேள் என்கிறார்கள். பறப்பது மத்திய அரசின் கையில், நிலம் மாநில அரசின் கையில், கட்டட அனுமதி மாநகர் மன்றத்தின் கையில். சத்தம் இந்த மூன்றுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அதை அள்ளி ஒரு இடத்தில் வைக்கக்கூடிய ஆவணம் ஒன்றுதான்: 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்கீழ் வரும் உள்ளூர்த் திட்டம். எந்த மனையில் எது வரலாம் என்று அதுதான் சொல்கிறது. அதன் வரைவையோ திருத்தத்தையோ பொதுப் பார்வைக்கு வைக்கும்போது, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும். அந்த 4 வாரத்தில் நம்மவர்கள் பலர் போவதே இல்லை. கோவில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து ஒரே கடிதமாகப் போடுங்கள். விமான நிலையம் வேண்டாம் என்று எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். விரிவாக்கத்துக்குப் பிந்தைய விமான எண்ணிக்கையை வைத்துச் சத்தக் கோடுகளை வரைந்து உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் ஏற்ற வேண்டும், ஓடுபாதை நேர்க்கோட்டில் புதிய பள்ளியோ மருத்துவமனையோ முதியோர் இல்லமோ கூடாது, அந்தக் கோட்டுக்குள் விற்கும் வீட்டின் ஒப்பந்தத்தில் அதை எழுத வேண்டும் என்று மூன்றே கோரிக்கை வையுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் பள்ளிக்குச் சத்தத் தடுப்பு வேலைக்கு நிதி கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. தென்மேற்கு முனைக்கு அப்பால் சிறிது தூரத்தில் கடல். வடகிழக்கு முனைக்கு எதிரே தொழிற்பேட்டையும் பயான் பாரு, சுங்கை நிபோங் பக்கத்துக் குடியிருப்புகளும். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் பொதுவாகக் கடல் பக்கமிருந்து இறங்கி, பயான் பாரு பக்கமாக முழு விசையில் ஏறிப்போகும். காற்று திரும்பினால் எதிர்மாறு. ஒரு ஞாயிறு பகலில் போய்ப் பார்த்துவிட்டுச் சத்தமே இல்லை என்று முன்பணம் கட்டாதீர்கள். வார நாளில் இரவு 11 மணிக்கு மேல் அந்த மனைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அதிகாலை ஒரு முறை. காற்று மாறிய வாரத்தில் இன்னொரு முறை. ஏற்கெனவே பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரிடம், தொலைக்காட்சி சத்தத்தை இரவில் எத்தனை முறை கூட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். சத்தம் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் வீட்டு விலை விழும் என்று பயந்து பரவாயில்லை என்பார்கள்.

மனை ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்து, படுக்கையறை எதிர்ப்பக்கம் பார்த்திருந்தால் வாங்கலாம். வேலைக்குப் பக்கம், விலையும் உங்களுக்குக் கட்டும். நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டருக்குள் என்றால், பள்ளி போகும் வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டாம் என்பேன், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். மனை எண்ணையும் தரைமட்ட உயரத்தையும் மேம்பாட்டாளரிடம் வாங்கி அனுப்புங்கள். அந்த மனைக்கும் முன்னால் இருக்கும் காலி மனைக்கும் எத்தனை மீட்டர்வரை எழும்ப முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.